இறக்கைக்கு ஆயுட்கணக்கு பிறந்த கதை

எண்பதுகளின் பிற்பகுதியை வடக்கில் கழித்தவர்களுக்கு 'சியாமாசெட்டி' என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை. அந்த இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் இருக்கிறது. இத்தாலியின் சியாய்-மார்க்கெட்டி நிறுவனம் செய்த எஸ்.எஃப்.260 என்ற சிறு விமானம்தான் அது. இலங்கை விமானப்படை 1985இல் அதை வாங்கியது. ஸ்டெலியோ ஃப்ராட்டி என்ற பொறியியலாளர் வரைந்த அந்த விமானம் முதலில் பறந்தது 1964இல். உலகின் பல விமானப்படைகளில் அது பறக்கப் பழகும் இளைஞர்களின் வகுப்பறையாக இருந்தது. ஆயுதம் தாங்கும் வடிவம் பிறகு வந்தது.

அதற்கு முன்னும் இங்கே பயிற்சி விமானம் ஆயுதம் ஏந்தியிருக்கிறது. 1959 முதல் அன்றைய இலங்கை விமானப்படைக்குப் பிரித்தானியாவிலிருந்து 12 'ஜெட் புரோவோஸ்ட்' பயிற்சி விமானங்கள் வந்தன. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் அவை பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு, திருகோணமலைச் சீனக்குடாவில் நிறுத்தி வைக்கப்பட்டன. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது, நிறுத்தி வைத்திருந்தவற்றில் சிலவற்றை அவசரமாகச் சீர்செய்து, ஆயுதம் பூட்டிச் சண்டைக்கு அனுப்பினார்கள்.

அந்த விமானங்களின் கீழே இருந்தவர்கள் பட்டது தனி வரலாறு. அது எழுதித் தீராதது; எழுதப்பட வேண்டியது. இக்கட்டுரை அதே வகை விமானங்களின் உலோகத்துக்குள் நடப்பதைப் பற்றியது. பழகுவதற்கென்று செய்த இயந்திரத்தை வேறு வேலைக்குப் போட்டால், அல்லது அதே வேலையையே குறித்த காலத்துக்கு மேலும் வாங்கினால், இறக்கை அதைத் தாங்குமா? தாங்கும் என்று யார், எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வழியில்தான் 'ஆயுள் நீட்டிப்பு' என்ற தொழில் பிறந்தது. ஒவ்வொரு படியிலும் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

வட்டமடிக்கும் விமானத்தின் பாடு

பயணிகள் விமானம் ஒருமுறை ஏறி, பல மணி நேரம் அமைதியாகப் பறந்து, ஒருமுறை இறங்கும். பயிற்சி விமானத்துக்கு அந்த நிம்மதி கிடையாது. ஒரு மணி நேர வகுப்பில் ஓடுபாதையைச் சுற்றிப் பல தடவை ஏறி இறங்கும். பழகும் கை தரையைச் சற்று முந்தியோ பிந்தியோ கணித்தால் சக்கரங்கள் அறைந்து விழும். அடுத்த வகுப்பில் குட்டிக்கரணம், சுழற்சி, செங்குத்தான பாய்ச்சல். பாய்ந்து மேலெழும் கணத்தில் விமானத்தின் எடை நாலு மடங்கு, ஐந்து மடங்காகக் கனக்கும். அந்தக் கனம் முழுவதையும் தூக்குவது இறக்கைகள்.

தூக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. அதன் மேற்புறம் அமுங்க, அடிப்புறம் இழுபடுகிறது. இறக்கையின் நீளத்துக்கு ஓடும் பிரதான விட்டத்தைத் தொழிலில் இருப்பவர்கள் 'ஸ்பார்' என்பார்கள். அந்த ஸ்பாரின் அடிப்பட்டைதான் பெரும்பங்கு இழுவிசையைத் தாங்குகிறது. அதிலோ போல்ட்டுக்கும் றிவெட்டுக்கும் வரிசையாகத் துளைகள். இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் இழுவிசை மற்ற இடத்தைப் போல் மூன்று மடங்காகும். வெடிப்பு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான், போல்ட்டின் தலை மறைக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறலாக.

கட்டுக்கம்பியைக் குறடு இல்லாமல் முறிப்பவர் அதை ஒரே இழுப்பில் அறுப்பதில்லை. முன்னும் பின்னும் வளைக்கிறார். ஒருமுறை தாங்கிய உலோகம் இருபதாம் முறை விட்டுவிடுகிறது. இறக்கையில் நடப்பதும் இதுதான். என்ன, வளைவு மிகச் சிறியது, தடவைகள் பல்லாயிரம், முறியும் நாள் எவருக்கும் தெரியாது. அந்த நாளை முன்கூட்டி எழுதிவைக்க முடியுமா என்று முதலில் கேட்டவர்கள் விமானத்தைக் கண்டதேயில்லை.

ரயில் அச்சில் தொடங்கியது

1842 மே 8. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் அரசரின் விழாவைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ரயில் புறப்பட்டது. மெய்டோன் என்ற இடத்தில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் கருகி இறந்தார்கள்.

நல்ல இரும்பு, நாளும் ஓடிய அச்சு, ஏன் முறிந்தது? ஸ்கொட்லாந்தின் வில்லியம் ராங்கின் முறிந்த அச்சுகளைப் பார்த்து, தடிப்பு சட்டென்று குறையும் மூலைகளில் வெடிப்பு தொடங்கி உள்நோக்கி மெல்ல வளர்வதைக் கண்டு எழுதினார். பிரஷ்யாவின் ரயில்வேயில் இருந்த ஓகுஸ்ட் வோலர் 1850களின் பிற்பகுதியிலிருந்து 1870 வரை அச்சுகளை இயந்திரத்தில் பூட்டி, வெவ்வேறு பாரத்தில் முறியும்வரை சுழலவிட்டு எண்ணினார். பாரம் கூடினால் குறைந்த சுற்றில் முறியும். குறைந்தால் அதிகம் தாங்கும். உருக்கைப் பொறுத்தவரை ஒரு எல்லைக்குக் கீழே பாரம் இருந்தால் எத்தனை சுற்றானாலும் முறிவதில்லை. உலோகத்துக்கு ஆயுள் உண்டு, அதை எண்ணவும் முடியும் என்பது அன்றுதான் நிலைநாட்டப்பட்டது.

1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்து, இறங்குதுறையில் தனுஷ்கோடிக் கப்பல் காத்திருந்த காலத்தில், அந்தப் பாடம் ரயில் உலகத்தின் பொது அறிவாகிவிட்டிருந்தது. விமானம் செய்தவர்கள் அதைத் திரும்பவும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. காரணம் அலுமினியம். இலேசான உலோகம், ஆனால் உருக்குக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பான எல்லை இதற்கு இல்லை. எவ்வளவு சிறிய பாரமானாலும் அது கணக்கில் சேரும். அலுமினிய இறக்கைக்கு முடிவில்லாத ஆயுள் என்று ஒன்று கிடையாது.

மெல்பேர்ன், பிறகு ஃபார்ன்பரோ

1945 ஜனவரி 31இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டின்சன் பயணிகள் விமானம் ஒன்றின் இடது இறக்கை நடுவானில் கழன்று விழுந்தது. அதில் இருந்த 10 பேரும் இறந்தார்கள். முறிவை ஆராய்ந்தபோது, உருக்குக் குழாயால் ஆன ஸ்பாரில் பல நாட்களாக வளர்ந்த வெடிப்பு தெரிந்தது. அதன் பிறகு மெல்பேர்னில் இருந்த அரச விமான ஆய்வுகூடம் இந்த விடயத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. போர் முடிந்து மிஞ்சிய மஸ்டாங் போர் விமானங்களின் இறக்கைகளை நூற்றுக்கு மேல் எடுத்துவந்து, சட்டத்தில் பூட்டி, முறியும்வரை வளைத்தார்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே வரைபடம், ஒரே பாரம். ஆனாலும் ஓர் இறக்கை முறிந்த எண்ணிக்கையில் மற்றது முறியவில்லை. சில முந்தின, சில வெகுதூரம் பிந்தின.

அந்தச் சிதறலிலிருந்து ஒரு விதி பிறந்தது. ஒரு முழு விமானத்தைச் சோதனைச் சட்டத்தில் போட்டு முறியும்வரை வளைப்பது. கிடைத்த ஆயுளை மூன்றால், நாலால், ஐந்தால் வகுப்பது. சோதனை இறக்கை 20,000 மணி நேரத்துக்குச் சமமான பாரம் தாங்கினால், படையில் பறக்கும் விமானத்துக்கு 5,000 மணி நேரம் என்று எழுதுவது. அந்த மணி முடிந்ததும், வெடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறக்கையைக் கழற்றிவிட வேண்டும். 1945இலேயே அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மைனர் இன்னொரு கருவியையும் கொடுத்திருந்தார். கடும் வளைவு ஒன்று ஆயுளில் இத்தனை பங்கைத் தின்னும், மெல்லிய வளைவு இத்தனை பங்கைத் தின்னும். எல்லாப் பங்கையும் கூட்டினால் ஒன்று ஆகும்போது ஆயுள் தீர்ந்தது. சுவீடனின் பால்ம்கிரென் 1924இலேயே உருளைத் தாங்கிகளுக்கு இதைச் சொல்லியிருந்தார்.

விதி இருந்தும் 1954இல் கொமெட் விழுந்தது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் அது. ஜனவரியில் ஒன்று எல்பாத் தீவருகே விழுந்து 35 பேரும், ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே விழுந்து 21 பேரும் இறந்தார்கள். பிரித்தானியாவின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுகூடத்தில் ஒரு கொமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே நீரழுத்தம் ஏற்றி இறக்கினார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057ஆவது தடவையில் உடல் கிழிந்தது. ஆனால் தயாரிப்பாளர் முன்னமே வேறோர் உடலைச் சோதித்து, அது பல மடங்கு தாங்கியதைக் கண்டிருந்தார். இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்தச் சோதனை உடலுக்கு, பலம் பார்ப்பதற்காக, முதலில் மிகக் கூடிய அழுத்தம் ஏற்றியிருந்தார்கள். அந்த ஒரு மிகைப்பாரம் துளைகளின் விளிம்பிலிருந்த உலோகத்தைச் சற்று நசுக்கி இறுக்கிவிட்டது. இறுகிய இடத்தில் வெடிப்பு திறக்கச் சிரமப்படும். அதனால் சோதனை உடல் நீடித்தது. அந்த இறுக்கம் கிடைக்காத உடல்கள் வானில் கிழிந்தன. இந்த இடத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று ஏமாற்றிய அதே இறுக்கம் பின்னாளில் ஆயுள் நீட்டும் முறையாகியது.

எண்ணும் பெட்டி

மணி நேரத்தை மட்டும் எண்ணினால் போதாது என்பது பயிற்சி விமானங்களிடம் பளிச்சென்று தெரிந்தது. நேராகப் பறந்த ஒரு மணியும் குட்டிக்கரணம் போட்ட ஒரு மணியும் ஒன்றல்ல. 1950களில் பிரித்தானியர்கள் விமானத்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தத் தொடங்கினார்கள். அதற்குள் ஓர் எடையும் வில்லும். முகத்தில் வரிசையாகச் சில எண்காட்டிகள். விமானம் எடையின் இத்தனை மடங்கைத் தாண்டினால் முதல் எண்காட்டி ஒன்று கூடும். அதைவிடக் கடுமையாக இழுத்தால் அடுத்ததும் கூடும். தலைகீழாக அழுத்தினால் அதற்கு வேறு எண்காட்டி.

விமானம் தரையிறங்கியதும் தொழினுட்பவியலாளர் மூடியைத் திறந்து, எண்களை வாசித்து, பதிவேட்டில் எழுதுவார். நேற்றைய எண்ணைக் கழித்தால் இன்றைய பறப்பு இறக்கையில் தின்றது தெரியும். இவற்றையெல்லாம் மைனரின் விதிப்படி கூட்டி, நூற்றுவீதமாக ஒரே எண்ணாக்கினார்கள். அந்த எண் 100ஐத் தொட்டால் ஆயுள் முடிவு. ஒரே நாளில் வாங்கிய இரண்டு விமானங்களில் ஒன்று 40இலும் மற்றது 75இலும் நிற்கலாம். அப்போது 40இல் நிற்பதைக் குட்டிக்கரண வகுப்புக்கும், 75இல் நிற்பதை வழியறியும் பயிற்சிக்கும் அனுப்பலாம். ஒரு ரூபாய் செலவில்லாமல் ஆயுளை நீட்டும் முதல் வழி இதுதான்: எந்த விமானம் எவ்வளவு களைத்திருக்கிறது என்று அறிந்து வேலை கொடுப்பது.

வேலை மாறினால் ஆயுளும் மாறும் என்பதற்கு அமெரிக்கா 1958 மார்ச் 13இல் விலை கொடுத்தது. ஒரே நாளில், வெவ்வேறு மாநிலங்களில், இரண்டு பி-47 குண்டுவீச்சு விமானங்கள் இறக்கை முறிந்து வீழ்ந்தன. மிக உயரத்தில் பறப்பதற்குச் செய்த விமானம் அது. அதைத் தாழப் பறந்து, செங்குத்தாக எழும்பி, குண்டை வீசியெறியும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வருடமே அமெரிக்க விமானப்படை தன் எல்லா விமானங்களின் கட்டமைப்புக்கும் ஆயுட்கணக்கு வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி விமானத்தில் குண்டைத் தொங்கவிட்ட நாடுகளுக்கெல்லாம் இதில் பாடம் உண்டு. வேலையை மாற்றிய நாளில் பழைய கணக்கு செல்லாததாகிறது.

அடுத்த திருப்பம் 1969 டிசம்பர் 22. புத்தம் புதிய எஃப்-111 ஒன்று நூறு மணி நேரமளவே பறந்த நிலையில் இறக்கையை இழந்தது. இறக்கை திரும்பும் கீலில், உருக்கை வார்த்து அடித்தபோதே ஏற்பட்ட குறை ஒன்று பரிசோதனையில் தப்பிவிட்டிருந்தது. சோதனை ஆயுளை நாலால் வகுத்த கணக்கு இங்கே உதவவில்லை. இறக்கை பிறந்தபோதே வெடிப்போடு பிறந்தது. அதன் பிறகு சிந்தனை தலைகீழானது. ஒவ்வொரு முக்கியத் துளையிலும் முதல்நாளே வெடிப்பு இருப்பதாக வைத்துக்கொள். 1970களில் அமெரிக்கர்கள் விதித்த அளவு 1.27 மில்லிமீற்றர். அது எத்தனை பறப்பில் ஆபத்தான நீளத்துக்கு வளரும் என்று கணக்கிடு. அந்தக் காலத்தின் பாதியில் ஒருமுறை திறந்து பார். பார்த்து நலமென்று கண்டால் இன்னொரு தவணை பறக்கலாம்.

ஆயுள் நீட்டிப்புக்கு அறிவியல் வாசல் திறந்தது இந்த இடத்தில்தான். அதுவரை மணி முடிந்தால் இறக்கை குப்பைக்குப் போகும். இப்போது, வளரும் வேகம் தெரிந்து, தேடும் கண்ணும் இருந்தால், மணி முடிந்த இறக்கையும் தவணை தவணையாகப் பறக்கலாம்.

புது விமானம் வராத நாடுகள்

வாசல் திறந்தாலும் அதன் வழியே தள்ளியது பணமும் தாமதமும். அமெரிக்காவின் டி-37 பயிற்சி விமானம் 1954இல் முதலில் பறந்தது. அதற்குப் பதிலாக வரவேண்டிய டி-46 திட்டம் 1986இல் கைவிடப்பட்டது. பழையதே தொடர வேண்டியதாயிற்று. 1989இல் சேபர்லைனர் நிறுவனத்திடம் வாலையும் ஸ்பாரின் பகுதிகளையும் புதுப்பிக்கும் உதிரித் தொகுதிகள் கேட்கப்பட்டன. அந்த விமானம் 2009 வரை மாணவர்களைச் சுமந்தது. அதன் அடுத்த வகுப்பான டி-38, 1959இல் முதலில் பறந்தது; இறக்கை மாற்றி, உடற்பகுதி மாற்றி, அறுபது வருடங்கள் கடந்தும் பறக்கிறது.

இலங்கை வாங்கிய ஜெட் புரோவோஸ்டின் உடன்பிறப்பு, ஆயுதம் தாங்கிய ஸ்ட்ரைக்மாஸ்டர். அதை வைத்திருந்த நியூசிலாந்து 1980களில் இறக்கைகளில் வெடிப்பைக் கண்டது. சிலவற்றுக்கு இறக்கை மாற்றி ஓட்டிக்கொண்டே, புது விமானத்தைத் தேடி ஓடியது. அவுஸ்திரேலியாவின் கதை இன்னும் கனமானது. 1967இல் சேவைக்கு வந்த மாக்கி பயிற்சி விமானங்களுக்கு 1980களில் முறையான ஆயுள் நீட்டிப்புத் திட்டமே நடத்தினார்கள். அப்படியிருந்தும் 1990இல் ஒன்றின் இறக்கை, ஸ்பாரின் அடிப்பட்டையில் வளர்ந்த வெடிப்பால், பறப்பில் முறிந்தது. இறக்கைகளை முறியும்வரை வளைத்துப் பார்த்த அந்த மெல்பேர்ன் ஆய்வுகூடம் இருக்கும் நாட்டிலேயே இது நடந்தது. மிஞ்சிய இறக்கைகளைக் கழற்றி, அறுத்து, துளை துளையாகப் பார்த்து, மாற்ற வேண்டியவற்றை மாற்றி, 2001 வரை ஓட்டினார்கள். நீட்டிப்புத் திட்டம் ஒன்று நடந்துவிட்டது என்பதற்காகக் கண்ணை எடுக்கக் கூடாது என்பதை மாக்கி கற்பித்தது.

பாக்கு நீரிணையின் அந்தக் கரையில் இந்தியாவின் கதை 'கிரண்'. வி.எம். காட்கே தலைமையில் பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் வரைந்த அந்த ஜெட் 1964 செப்டம்பர் 4இல் முதலில் பறந்தது. தாம்பரத்திலுள்ள பயிற்றுநர் பள்ளி உட்பட, இந்திய விமானிகளின் சில தலைமுறைகளுக்கு அதுவே படிக்கட்டு. அதன் இடத்துக்கு வரவேண்டிய சிதாரா 2003இல் முதலில் பறந்தும் படைக்கு வந்து சேரவில்லை. இதற்கிடையில் ஆரம்பப் பயிற்சிக்கான எச்.பி.டி.-32 விமானங்கள் 2009 விபத்துக்குப் பின் நிறுத்தப்பட்டன. 2013இல் பிலாட்டஸ் பயிற்சி விமானம் வரும்வரை அந்தச் சுமையும் கிரண் மேல் ஏறியது. சாகசக் குழுவான 'சூர்யகிரண்' தன் கிரண் விமானங்களை 2011இல் பயிற்சிக்கு விட்டுக்கொடுத்தது. அதே குழுதான் 2001இல் இலங்கை விமானப்படையின் பொன்விழாவுக்கு வந்து கிரண்களில் சாகசம் காட்டியது. புது விமானம் தாமதமாகும் ஒவ்வொரு வருடமும் பழைய ஸ்பாரின் அடிப்பட்டையில்தான் எழுதப்படுகிறது.

துளையின் ஓரத்தில்

ஆயுள் நீட்டிப்பு நடக்கும் ஹங்கரில் பார்க்க வேண்டியது ஒரு துளையை. முதலில் ஒரு விமானத்தைத் தேர்ந்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஸ்பாரை அறுத்தே பார்த்துவிடுவார்கள். வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதைச் சோதனைச் சட்டத்தைவிட அந்த உடல் உண்மையாகச் சொல்லும். முறிந்த முகத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், வெடிப்பு முன்னேறிய ஒவ்வொரு அடியும் மெல்லிய கோடாகப் பதிந்திருக்கும். எண்ணத் தெரிந்தவர் அதிலிருந்து விமானத்தின் வாழ்க்கையைத் திரும்ப வாசிக்கலாம்.

பிறகு மற்ற விமானங்களின் முறை. போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் பேனை அளவான ஒரு முனையை விடுகிறார் பரிசோதகர். முனையில் கம்பிச்சுருள், அதில் ஓடும் மாறுமின்னோட்டம் சுற்றியுள்ள அலுமினியத்துக்குள் சுழலும் மின்னோட்டத்தை எழுப்பும். வெடிப்பு குறுக்கிட்டால் சுழற்சி தடைபட்டு, திரையில் கோடு துள்ளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இங்கே பிடிபடுகிறது. துள்ளியது கீறலா, துளையில் இருந்த வெறும் உரசலா என்று பிரித்துச் சொல்வது பல வருடக் கைப்பழக்கம்.

கீறல் சிறிதானால் துளையைச் சற்றுப் பெரிதாகத் துருவி, வெடித்த உலோகத்தையே அகற்றிவிடலாம். அடுத்து வருவது கொமெட்டின் பாடம். துளையைவிடச் சற்றுத் தடித்த கூம்புக் கம்பி ஒன்றை, பிளவுபட்ட மெல்லிய உறையின் ஊடாகப் பலவந்தமாக இழுப்பார்கள். துளை விரியும், சுற்றியுள்ள உலோகம் திரும்பி வர முயன்று துளையின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும். இனி இறக்கை இழுபடும்போது முதலில் அந்த இறுக்கத்தைத் தளர்த்திய பின்னரே விளிம்பு இழுவிசையை உணரும். அதே துளையின் ஆயுள் பல மடங்காகக் கூடுகிறது. அன்று தற்செயலாக நடந்து ஆய்வாளரை ஏமாற்றியதை, இன்று தெரிந்து, அளந்து செய்கிறார்கள். புதிய போல்ட்டை இறுக்கமாக அடித்துப் பூட்டி, பதிவேட்டில் துளையின் எண், புதிய விட்டம், நாள், செய்தவரின் கையொப்பம் எல்லாம் எழுதுகிறார்கள். அந்த வரி இல்லையென்றால் வேலை நடந்ததாகவே கணக்கில்லை.

என் கருத்து இங்கே நிற்கிறது. ஆயுள் நீட்டிப்பு என்பது விதியிடம் கூடுதல் வருடங்களை இரந்து வாங்குவதல்ல. உண்மையாக எழுதிய பதிவேடும் பழகிய கண்ணும் இருந்தால் அது நேர்மையான தொழில். பதிவேடு பொய்யானால், அல்லது இல்லாமற் போனால், அது பறக்கப் பழக வந்த இருபது வயதுப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பது. அந்தப் பிள்ளை தான் ஏறும் இறக்கையின் அடியைத் திறந்து பார்க்கப்போவதில்லை. தனக்கு முன் ஒருவர் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் ஏறுகிறான்.

உப்புக் காற்றில் இந்தக் கணக்கு

கடலோரத்தில் இன்னொரு எதிரியும் சேர்கிறது. 1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோகா நிறுவனத்தின் போயிங் 737இன் மேற்கூரை பறப்பிலேயே பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். 19 வயதான அந்த விமானம், குறுந்தூரம் குறுந்தூரமாக 89,680 பறப்புகளை முடித்திருந்தது. அத்தனையும் உப்புக் காற்றில். உப்பு உலோகத்தில் குழி பறிக்கிறது. அந்தக் குழியே வெடிப்புக்கு வித்தாகிறது. நிறுத்தி வைத்த விமானத்துக்கும் இதில் விலக்கில்லை. எண்காட்டி நின்றுவிடும், அரிப்பு நிற்காது.

மன்னாருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்காவில் 30 சுழலிகள் நிற்கின்றன; கொள்ளளவு 103.5 மெகாவாட். ஒவ்வொன்றின் சுழல்வட்டமும் 126 மீற்றர் அகலம். இப்படிப்பட்ட சுழலிகளைக் குறைந்தது 20 வருடத்துக்கு வடிவமைப்பது உலகத் தர விதி. நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்று வைத்தாலும், ஓய்வின்றிச் சுழன்றால் ஒரு வருடத்தில் 52 இலட்சம் சுற்று, 20 வருடத்தில் 10 கோடிக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இறக்கையும் தன் சொந்த எடையால் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வளைகிறது. இறக்கை கண்ணாடி இழையால் ஆனது, கோபுரமும் போல்ட்டும் உருக்கு. ஆனால் பங்கு பங்காகக் கூட்டும் மைனரின் விதியே அங்கும் கணக்குப் போடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வடிவமைப்பாளர் எண்ணியதைவிடக் கடுமையாக அடித்தால் அந்த 20 வருட ஆயுள் முன்கூட்டியே முடியும். மென்மையாக அடித்தால் நீளும். எது நடந்தது என்பதைப் பதிவேடு மட்டுமே சொல்லும்.

2040 நெருங்கும்போது இந்தச் சுழலிகளை இன்னும் பத்து வருடம் ஓட்டலாமா என்ற கேள்வி நிச்சயம் எழும். பறவைகள், வெள்ளம், நிலம் என்று மன்னார் மக்கள் காற்றாலைகளைப் பற்றி ஏற்கனவே உரக்கக் கேட்டுவரும் கேள்விகளோடு இதையும் இப்போதே சேர்த்துக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு சுழலியும் தாங்கிய காற்றின் கணக்கு, போல்ட் பரிசோதனையின் கணக்கு, அரிப்பின் கணக்கு, எங்கே எழுதப்படுகிறது, யார் பார்க்கலாம்? இருபதாம் வருடத்தில் தொடங்கும் பதிவேட்டால் பயனில்லை. ஜெட் புரோவோஸ்ட் முதல் கிரண் வரை எல்லா விமானமும் அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துளைக்குள் முனையை விட்டுத் திரையைப் படிக்கும் அந்த வேலை கற்கக்கூடிய தொழில். அதற்குப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டுமென்றில்லை. பொறுமையும் நேர்மையும் முறையான பயிற்சியும் வேண்டும். ரயில் பாலமும் காற்றாலையும் இறங்குதுறையும் உப்புக் காற்றும் ஒன்றாக இருக்கும் இந்தக் கரையில் அந்தத் தொழிலுக்கு வேலை என்றும் இருக்கும். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பரிசோதகர் வரும்வரை காத்திராமல், மன்னார்ப் பிள்ளைகள் சிலர் அதைப் படித்து, தங்கள் ஊரின் உலோகத்துக்குத் தாங்களே கணக்கு எழுத வேண்டும். மெய்டோனில் கருகியவர்கள் முதல் கொமெட்டில் போனவர்கள் வரை இத்தனை பேர் இறந்து கிடைத்த அறிவு இது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால், அதே பாடத்தை இன்னொரு தடவை உயிர் கொடுத்துத்தான் படிக்க வேண்டிவரும்.